கஸ்பார் நின்ற பக்கம்

ரசமட்டத்தில் குமிழ் மறுபடியும் நகர்ந்திருந்தது. காலையில்தான் யாகப்பன் நாலு மூலையும் பார்த்து அதை நட்டநடுவில் நிறுத்தினான். உள்ளே போய்க் களியும் கீரையும் தின்று கை கழுவி வருவதற்குள், பட்டை ரம்பத்தின் இரும்பு மேசை பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. பின்பக்கம் என்றால், அறுபட்டு வரும் பலகையை வாங்கி இழுக்கிறவன் நிற்கும் பக்கம். கஸ்பார் நின்ற பக்கம்.

"சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று மேசையைத் திட்டினான். திட்டிய குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகை அது. சித்தேரி மலையிலிருந்து வண்டியில் வந்த மரங்கள் சுவரோரம் சாய்ந்து கிடக்க, அவற்றின் பச்சை வாடையும் எஞ்சின் எண்ணெய் நாற்றமும் மரத்தூளின் புழுக்கமும் ஒன்றாகக் கலந்து, கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். சாத்தாமலே இன்று முட்டியது. எஞ்சின் ஓடாத கொட்டகையில் எங்கிருந்தோ சரக் சரக் என்று செருப்புத் தேயும் சத்தம், ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைக்கிறவன் போடும் சத்தம், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது.

எலி என்று நினைத்துக்கொண்டான். எலிக்கு ஏது செருப்பு என்று மனசு கேட்டது. அதை அடக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

மேசையை இன்றைக்குள் மட்டமாக்கியே தீரவேண்டும். நாளையிலிருந்து அந்தப் பக்கம் நின்று பலகை வாங்கப்போவது கஸ்பாரின் பெண்சாதி லூர்து மேரி. பட்டாளத்துக்குப் பெட்டிப் பலகை அறுக்கும் வேலை நிறைய இருந்தது. "எனக்கும் ஒரு வேலை குடுங்கண்ணா" என்று அவள் வந்து நின்றபோது அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. எந்த வாயை வைத்துச் சொல்வான், பாவி!

கஸ்பார் செத்த அன்றும் மேசை இப்படித்தான் ஆடியது. அடியில் சொருகத் தகடு வேண்டும். உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து தகரம் குதிரைக்கொம்பு. "தகடு வாங்கியாந்து அப்புறம் ஓட்டலாம்ணா" என்று கஸ்பார் சொன்னான். யாகப்பனுக்கு அவசரம். வீட்டுச் சுவரில், குருத்து ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவை இருந்தது. அதைப் பிய்த்து மடித்து மேசைக்கு அடியில் வைத்தான். பெரிய கெட்டிக்காரன்! காய்ந்த ஓலை எஞ்சின் அதிர்வில் பொடிந்துபோக, மேசை அமுங்கியது, பலகை எகிறியது, கஸ்பாரின் கை ரம்பத்துக்குப் போனது. தோள் வரைக்கும்.

ஊர் கூடியபோது, "குடிச்சிட்டு வந்திருந்தான்" என்றான் யாகப்பன். அந்த ஒரு வார்த்தைதான். ஜில்லா முழுக்க மதுவிலக்கு இருக்கிற நேரத்தில் அது சும்மா போகுமா? துக்க வீட்டில் போலீஸ் வந்து சாராய ஊறல் பானை தேடி அடுப்பைக் கிளறியது. அதைவிட, குடிக்க மாட்டேன் என்று தன்னிடம் சத்தியம் செய்தவன் பொய்யன் என்று லூர்து மேரி நம்பிவிட்டாள். இன்றுவரை அவன் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை. அது யாகப்பனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்றான், தூங்கினான்.

மரையைக் கழற்றினான். எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்து காலையில் வைத்த தகரத் தகட்டை உருவக் கையை விட்டான்.

தகரம் இல்லை.

விரலில் பட்டது ஈரம். வெளியே இழுத்தான். குருத்தோலை. இளம்பச்சை. இப்போதுதான் மரத்திலிருந்து வெட்டியதுபோல் நுனியில் நீர் கசிந்தது. அதை உதறினான். கையைத் துண்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, இருக்கீங்களா?"

லூர்து மேரி. வெயில் தாழ்ந்திருந்தது. இடுப்பில் காய்ந்த ஓலைக் கட்டு ஒன்று.

"நாளைக்கழிச்சு விபூதிப் புதனுங்களே. சாம்பலுக்குப் பழைய ஓலையெல்லாம் வாங்கியாரச் சொன்னாரு பங்குச் சாமி. உங்க வூட்டுச் சிலுவை எங்கீங்க?"

"எலி கடிச்சிருச்சும்மா" என்றான். எவ்வளவு சுலபமாக வருகிறது!

"போவுது வுடுங்க." கட்டை இறக்கி வைத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போனாள். "இங்கதான நிக்கோணும்? இப்பிடிக் கைய வச்சு வாங்கறதுங்களா?"

"வைக்காத!"

வைத்துவிட்டாள். மேசை அமுங்கியது. ஒரு பெண்பிள்ளை உள்ளங்கைக்கு அவ்வளவு அமுங்காது. இரண்டு ஆள் பாரம்.

"அண்ணா." அவள் சிரிக்கப் பார்த்தாள். "யாரு என் கையப் புடிக்கறது?"

யாகப்பன் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

"காப்புக் காய்ச்ச கை." அவள் குரல் இறங்கியது. "அவரு கைங்க இது."

முகத்தைத் தூக்கினாள். அவளைவிட உயரமான ஒருவன் வாய் இருக்கும் இடத்தில் மூக்கை வைத்து, மூச்சை இழுத்தாள். ஒருமுறை. இன்னொருமுறை.

"குடிச்சிருந்தாருன்னு சொன்னீங்க. சாராய வாடையே இல்லீங்களே."

சரக். சரக்.

பிறகு காதைச் சாய்த்தாள்.

"ம்" என்றாள், காற்றைப் பார்த்து. "ம்."

யாகப்பன் வாயைத் திறந்தான். சொல்லிவிடலாம். இப்போதே. கஸ்பார் சொல்லி முடிப்பதற்குள். அவள் காலில் விழுந்து கதறிவிடலாம். வாயை மூடிக்கொண்டான்.

"ம்... அப்புறம்?"

அவள் கண் தரையில் கிடந்த பச்சை ஓலைக்குப் போனது. பிறகு மேசைக்கு அடியில். பிறகு மெல்ல, மெல்ல, அவன் முகத்துக்கு.

"ம்" கொட்டுவது நின்றது. அவள் கை விடுபட்டது. மேசை நேரானது.

அப்புறம், யாகப்பன் நின்ற பக்கம் அமுங்கத் தொடங்கியது.