நாக்குக்கு அடியில்

காலை ஆறு மணி. தங்கை எழுந்திருக்கவில்லை. தலையணையெல்லாம் கறுப்பு வாந்தி.

ரத்தசோகைக்கான புது இரும்பு மாத்திரையை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் வார்டு அது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள்.

ஏழு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு வேறொரு வழக்கில் இரவெல்லாம் தூக்கமில்லை. நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"பொழைச்சுக்குவா," என்றார் டாக்டர். "ஆனா ரத்தத்துல இரும்பு தாறுமாறா ஏறியிருக்கு. நாலஞ்சு மாத்திரை மொத்தமா உள்ள போயிருக்கணும்."

எல்லாக் கண்களும் நர்ஸ் மேல் விழுந்தன. பெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது.

"பெட்டியில குறையுதா?"

"ஒண்ணுகூடக் குறையல, மேடம்."

"முழுங்கினாங்களான்னு பார்ப்பியா?"

"தினமும். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். இனி என்னை யாரு வேலைக்கு வைப்பாங்க?"

அக்கா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். "ராத்திரி நல்லாத்தான் இருந்தா. நான் குடுத்த ஜூஸைக் குடிச்சிட்டுப் படுத்தா."

இன்ஸ்பெக்டர் டாக்டரிடம் திரும்பினார். "முழுங்காம வாயிலயே வச்சிருந்தா?"

"பல்லுல கறை பிடிக்கும்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு எழுந்து அக்காவிடம் போனார். "கையை எடும்மா. நாக்கை நீட்ட வேண்டாம், மேல தூக்கு."

கீழ்வரிசைப் பற்களின் உட்புறம் கறுத்திருந்தது.

"பெட்டியில குறையலைன்னா, யாரோ முழுங்காம சேர்த்திருக்காங்க. நர்ஸ் நாக்கை நீட்டச் சொன்னா, தூக்கச் சொல்லல. அதுக்கு அடியிலதான் ஒளிச்சு வச்சே. ஏம்மா?"

அக்கா பொலபொலவென்று அழுதாள். "இரும்பு உள்ள போனா வெளிக்குக் கறுப்பாப் போகும்னு சொன்னாங்க. எனக்குப் போச்சு. அவளைக் கேட்டேன், இல்லைன்னா. சரி, இவளுக்கு மாவு மாத்திரைதான்னு நினைச்சேன். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குதுங்க அவளுக்கு. வீட்டுக்குப் போறதுக்குள்ள தேறட்டும்னு அன்னையிலேருந்து என் பங்கைச் சேர்த்து வச்சு, பொடிச்சு, ஜூஸ்ல கலந்துட்டேன்."

டாக்டர் போனில் விசாரித்துவிட்டு வந்தார். "ரெண்டு பேருக்குமே நிஜ மருந்துதான்."

இன்ஸ்பெக்டருக்கு அலுப்பாக இருந்தது. கெட்டவர் யாராவது அகப்பட்டால் கோபப்படவாவது செய்யலாம்.

கட்டிலிலிருந்து தங்கையின் குரல் ஈனமாக வந்தது. "சாப்பிடுற நேரத்துல, எல்லார் முன்னாடியும் கேட்டியேக்கா. கூச்சமா இருந்துச்சு. அதான் இல்லைன்னு சொன்னேன்."