முப்பத்தெட்டாவது டிக்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர் சோப்புக்கட்டி அளவில் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே கண்ணாடிக்காரரின் மூக்கில் முட்டிவலித் தைலத்தின் வாசனை ஏறியது.

அந்த வாசனையோடு அவருக்குப் பார்சல் அனுப்புகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் திங்கட்கிழமையே இறந்துபோயிருந்தார்.

"மறுபடியும் பெட்டியா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல். "அந்த ரூம்ல ஏற்கெனவே கால் வைக்க எடமில்ல. ஒரு நாள் அந்தப் பெட்டிங்க நம்மள வெளிய தள்ளிட்டு கதவச் சாத்திக்கப் போகுது, பாருங்க."

"இது சும்மா... சின்னதுதான்."

குரல் கம்மியதை அவள் கவனிக்கவில்லை. நாம் கவனிக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். இருபது வருடமாக இதே வேலை. அவர் துடைத்துக் கொடுத்த வில்லையில் ஒரு விரல்ரேகை இருந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் விமானம் கட்டுவார். துண்டு துண்டாகப் பெட்டியில் தபாலில் வரும். வெட்டி, உரசி, பசை தடவி ஒட்ட வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கட்டுவது ஒன்று, வாங்குவது ஒன்பது. ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையில் கூரைவரை அறுபது பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் முக்கால்வாசியில் இன்னும் ஒரு துண்டுகூட ஒட்டப்படவில்லை.

அவற்றில் பலவற்றை அனுப்பியவர் டிக் சார். வேறோர் ஊரில், தன் வீட்டு மாடியையே கிடங்காக வைத்துக்கொண்டு முப்பது வருடம் தபாலில் இந்த விமானப் பெட்டிகளை, அதாவது 'கிட்'களை விற்றவர். அதற்கு முன் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவராம். அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து துண்டுகளை எண்ணுவார். ஒரு சீட்டில் வரிசையாக எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார். அடியில் 'எண்ணிச் சரிபார்த்தேன்' என்று எழுதிப் பெட்டிக்குள் வைப்பார். கிட் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சீட்டுக்குத் தனி மரியாதை உண்டு.

மூன்று வாரத்துக்கு முன் அவரிடமிருந்து ஒரு போர்விமானம் வந்தது. நாற்பத்தொரு துண்டுகள். முப்பத்தெட்டாவது, விமானியின் தலைக்கு மேல் கவிழ்க்கிற, கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் மூடி. கட்டை விரலில் பசை இருந்ததைப் பார்க்காமல் கண்ணாடிக்காரர் அதை எடுத்தார். அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். எடுத்து முடிப்பதற்குள் மூடியின் நடுவில் அவருடைய கட்டை விரல்ரேகை, கோடு கோடாக, நிரந்தரமாகப் பதிந்துவிட்டது.

வில்லை துடைக்கிறவன் கண்ணாடியில் ரேகை வைத்தான் என்று வெளியே சொல்ல முடியுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. கெட்டுப்போன மூடியை ஒரு தைல டப்பிக்குள் போட்டு மேசை இழுப்பறையின் அடியில் ஒளித்தார். பிறகு டிக் சாருக்குப் போன் போட்டார்.

"சார், முப்பத்தெட்டு வரலையே."

வாய் கூசாமல் வந்தது பொய். அவ்வளவு சரளமாக எப்படி வந்தது என்று அப்போது கேட்க ஆளில்லை.

"டிக் போட்ட ஞாபகம் இருக்கே தம்பி..." என்றார் கிழவர். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வயசாயிடுச்சில்ல. மன்னிச்சுக்கோங்க. இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும், தேடி அனுப்பிடறேன்."

அதோடு விட்டாரா நம்மவர்? குழுவிலும் போட்டார். 'டிக் சார் டிக் போட்டும் ஒரு துண்டு காணோம்!' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. யானைக்கும் அடி சறுக்கும் என்றார் ஒருவர். சாருக்குக் கண் போயிடுச்சு, நம்ம கண்ணாடிக்காரர்கிட்ட அனுப்புங்க என்றார் இன்னொருவர். டிக் சார் அதையெல்லாம் படித்தார். ஒரே ஒரு வரி எழுதினார்: 'தேடிக்கொண்டிருக்கிறேன்.'

பத்து நாள் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது.

இப்போது இந்தப் பார்சல். கண்ணாடிக்காரர் அறைக்குள் போய் விளக்கைப் போட்டு, கத்தியால் கீறித் திறந்தார். துண்டு எதுவும் இல்லை. ஒரு சீட்டு மட்டும் இருந்தது.

'இன்னும் கிடைக்கவில்லை தம்பி. தேடுகிறேன். தவறு என்னுடையது.'

கீழே தேதியும் கிழமையும் போட்டிருந்தது. இந்த வியாழக்கிழமை. அவர் இறந்து மூன்று நாள் கழித்து.

அவர் டிக் சாரின் வீட்டு எண்ணுக்கு அடித்தார். மகள் எடுத்தாள். துக்கம் விசாரித்துவிட்டு, நீங்கள் ஏதாவது பார்சல் அனுப்பினீர்களா என்று மெல்லக் கேட்டார்.

"இல்லைங்களே. அன்னிலேர்ந்து மாடியப் பூட்டி வெச்சிருக்கோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்க பேர எழுதி சுவத்துல ஒட்டியிருந்தாரு அப்பா. முப்பது வருஷத்துல எண்ணிக்கை தப்பினதே இல்ல, எப்படித் தப்புச்சுன்னு அதே பேச்சு. சாப்பாடு இறங்கல. முட்டி வலியோட ஏணியில ஏறி மேல் அலமாரிய எல்லாம் கொட்டித் தேடினாரு. அங்கேர்ந்துதான்..."

இதுதான் சொல்வதற்கான நேரம். அவருக்கும் அது தெரிந்தது.

"அப்பாவால உங்களுக்குச் சிரமம். மன்னிச்சிடுங்க" என்றாள் மகள்.

"பரவாயில்லம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "இதெல்லாம் சகஜந்தான்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, தான் செய்த தப்புக்குச் செத்தவரை மன்னித்திருக்கிறோம் என்று. அடச்சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டார். ஆனாலும் திரும்பப் போன் போடவில்லை.

மறுநாள் ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அசையவில்லை. மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க உள்ள?" என்றாள் திடீரென்று.

"எங்க?"

"உங்க ரூம்லதான். யாரோ எண்ணுறாங்க."

அவர் மூடியிருந்த கதவில் காதை வைத்தார். பிளாஸ்டிக் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்குகிற சலசலப்பு. அதற்கு மேல் ஒரு முணுமுணுப்பு.

"முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... முப்பத்தேழு..."

நின்றது.

ஒரு பெருமூச்சு.

"ஒண்ணு... ரெண்டு..."

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணி நழுவி விழுந்தது. "போகாதீங்க" என்றாள். அவர் கதவைத் திறந்தார்.

தைல வாசனை முகத்தில் அறைந்தது. விளக்குச் சுவிட்சைத் தட்டினார், எரியவில்லை. கூடத்து வெளிச்சத்தில் மேசை மங்கலாகத் தெரிந்தது. பாதி கட்டிய விமானத்தின் மிச்சத் துண்டுகள் எண் வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடம் காலியாக இருந்தது.

அவருக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கும்மிருட்டு.

எங்கோ அலமாரியின் உச்சியில் ஒரு பெட்டி நகர்ந்தது. பிறகு சத்தம் கீழே இறங்கியது. தரையில் யாரோ முட்டி போட்டு உட்காரும் சத்தம். எலும்பு சொடுக்கியது. வலியில் ஒரு சின்ன முனகல். உள்ளங்கை தரையைத் தடவிக்கொண்டே நெருங்கி வந்தது.

சர்ர்... சர்ர்...

அவருடைய பாதத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"தம்பி," என்றது குரல், அதே பழைய பணிவோடு, "கொஞ்சம் காலத் தூக்குங்க. அடியில விழுந்திருக்கான்னு பாத்துடறேன்."

கண்ணாடிக்காரர் காலைத் தூக்கினார்.

சில்லென்ற விரல்கள் அவர் நின்ற இடத்தைத் தடவின. "இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது குரல். "மன்னிச்சுக்கோங்க தம்பி. மன்னிச்சுக்கோங்க."

அது திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கழுத்தை நெரித்திருந்தால்கூடச் சரிதான் என்று விட்டிருப்பார். அந்த மன்னிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதுகொண்டே இழுப்பறைக்கு அடியில் கைவிட்டு, டப்பியைப் பிடுங்கித் திறந்து மேசையில் கவிழ்த்தார்.

"இங்க இருக்கு சார்! நீங்க அனுப்பினீங்க. நான்தான் கெடுத்தேன். நான்தான் பொய் சொன்னேன். நீங்க சரியாத்தான் எண்ணினீங்க சார்!"

தடவல் நின்றது. விளக்கு எரிந்தது. அறையில் யாருமில்லை.

அந்த மூடியைப் படமெடுத்தார். விரல்ரேகை தெளிவாக விழுந்தது. குழுவில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுதினார். தன் பேரையும் எழுதினார். பிறகு ஒருவர் 'அடப்பாவி' என்று எழுதினார். இன்னொருவர் குழுவைவிட்டே போய்விட்டார். மகளுக்கும் தனியாக அனுப்பியிருந்தார். சாயங்காலம் அவளிடமிருந்து பதில் வந்தது.

'கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எண்ணினேன்தானேம்மா என்று கேட்டார். தெரியலப்பா என்று சொல்லிவிட்டேன்.'

அவ்வளவுதான். மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு பொட்டு பிளாஸ்டிக்குக்காகவா?" என்றாள்.

அடுத்த நாள் கடையில் வில்லை துடைக்கும்போது தன் கட்டை விரலைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

அடுத்த சனிக்கிழமை, அதே பதினொரு மணிக்கு, அதே அளவில் ஒரு பெட்டி வந்தது. தைல வாசனையும் கூடவே வந்தது. இந்த முறை மனைவியும் பக்கத்தில் நின்றாள். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு கண்ணாடி மூடி. கீறலில்லை, மாசில்லை, புத்தம் புதிது. கூடவே சிவப்புப் பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு.

'கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேனே தம்பி.'

மதியம் கையை மூன்று முறை கழுவிவிட்டு உட்கார்ந்தார். மூடியைப் பொருத்தி விமானத்தை முடித்துவிட்டு அறையை மூடினார். கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்தார்.

மணி இரண்டு.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கை நிதானமாக ஏறியது. முப்பத்தேழு வந்தது. முப்பத்தெட்டும் வந்தது. நாற்பத்தொன்றில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. பென்சில் தாளில் கிழிக்கும் சத்தம்.

"முடிஞ்சுதுல்ல?" என்று கிசுகிசுத்தாள் மனைவி.

உள்ளே இன்னொரு பெட்டியின் மூடி திறந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"அது எந்தப் பெட்டிங்க?"

அது வேறொரு கடையிலிருந்து வந்த பழைய பெட்டி. நாலு வருடமாகிறது. அந்தக் கடைக்கும் அவர் இதே மாதிரி ஒரு கடிதம் எழுதியிருந்தார். பத்தொன்பதாவது துண்டு, ஒரு சின்னச் சக்கரம், வரவில்லை என்று.

"பதினேழு... பதினெட்டு..."

நின்றது.

மனைவி அவர் கையை விட்டாள். அறைக்குள் யாரோ முட்டி போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.