ஆற்றின் நடுவில் நீலப் புள்ளி

தக்சாயினி அக்கா ஆற்றின் நடுவில் நின்றாள். அசையாமல் நின்றாள். அம்மாவின் கைத்தொலைபேசி அப்படித்தான் காட்டியது.

"தேனுஜா, இஞ்ச ஓடிவா! இந்தப் புள்ளியைப் பார்!"

படம் வரைந்துகொண்டிருந்த தேனுஜா பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

பள்ளியின் கடைசிச் சோதனையில் தேறியதற்கு அக்கா கேட்ட ஒரே பரிசு இந்தப் பயணம்தான். ஒரு முதுகுப்பை, ஒரு ரயில் டிக்கெட், தனியாக இத்தாலி. அம்மா பல நாள் யோசித்து, ஒரு நிபந்தனையோடு "ஓம்" சொன்னார். அக்கா எங்கே நிற்கிறாள் என்று காட்டும் நீலப் புள்ளி எப்போதும் அம்மாவின் போனில் தெரிய வேண்டும்.

இன்று காலை முதல் அந்தப் புள்ளி புளோரன்ஸ் நகரத்தில் ஊர்ந்தது. பெரிய தேவாலயத்தில் நின்றது. ஐஸ்கிறீம் கடையில் அதைவிட அதிக நேரம் நின்றது. ஜெர்மனியில், பான் நகரத்து வீட்டில் இருந்தபடியே அம்மாவும் பாதி இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டார்.

இப்போது புள்ளி ஆற்றுக்குள்!

அம்மா கூப்பிட்டும் அக்காவின் போனில் மணியே அடிக்கவில்லை. அப்பா ட்ராம் ஓட்டுகிறவர். வேலை முடியும்வரை போனைத் தொடமாட்டார். அம்மா வீட்டுத் தொலைபேசியைத் தூக்கி, எர்லாங்கனில் இருக்கும் புஸ்பவதி மாமியைக் கூப்பிட்டார். "மச்சாள், பிள்ளை ஆத்துக்குள்ள..." என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தேனுஜா முணுமுணுக்கத் தொடங்கினாள். பயம் வந்தால் அவள் வாய்க்குள் மெல்லப் பாடுவாள். அது பாட்டுக்கூட இல்லை, வீட்டுத் தொலைபேசி இலக்கம். தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று, சின்ன வயதிலேயே அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் அதைத் தேவாரம் மாதிரிப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பாடிக்கொண்டே அவள் வரைபடத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"அம்மா, இது பாலம்! பாருங்கோ, பாலத்துக்கு மேல முழுக்க நகைக்கடையாம்."

"பாலத்தில ஆரும் நகைக்கடை வைப்பினமோ? சும்மா இரு பிள்ளை!"

"வைச்சிருக்கினம். படம் இருக்கு."

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் சங்கிலிகள் மின்னின. "சரி, பாலத்தில நிண்டால் ஏன் அவளின்ர போன் வேலை செய்யேல்ல?"

சார்ஜ் தீர்ந்திருக்கலாம். புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். அப்படி இல்லாவிட்டால்? தேனுஜாவுக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அம்மா வைத்தால் வேறு யாராவது கூப்பிட்டார்கள். "ஆற்றில் நிற்கிறாள்" என்று போன செய்தி, "விழுந்துவிட்டாளாம்" என்று ஊர் சுற்றி, "நீந்துகிறாளாம்" என்று திரும்பி வந்தது.

தேனுஜா மறுபடியும் இலக்கத்தை முணுமுணுத்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா! போனை வையுங்கோ!"

"என்னடி?"

"அக்காவின்ர போன் செத்திருந்தால், வேற ஆரிட்டயாவது போன் வாங்கித்தான் எங்களுக்கு எடுப்பா. அவவுக்கு ஒரேயொரு நம்பர்தான் பாடம். நீங்கள் பாட்டாப் பழக்கின நம்பர். நீங்கள் கதைச்சுக்கொண்டே இருந்தால் இஞ்ச எப்பிடி மணி அடிக்கும்?"

அம்மா "மச்சாள், வைக்கிறன்" என்றார்.

வீடு அமைதியானது. அழுகையை விட அந்த அமைதி மோசமாக இருந்தது. தேனுஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் சொன்னது பிழையாகிவிட்டால்?

மணி அடித்தது! தேனுஜா பாய்ந்து எடுத்தாள்.

"பிள்ளை, இத்தாலிப் பொலிஸுக்குச் சொல்லியாச்சோ?" மாமிதான்.

"மாமி, குறை நினைக்காதேங்கோ. அக்கா எடுப்பா எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம். பிறகு கதைக்கிறன்."

வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது.

"மாமி, நான்தான் சொன்னனே..."

"மாமியோ? எடியே தேனு, நான் அக்கா!"

தேனுஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாலத்தில படம் எடுக்கேக்க போன் சார்ஜ் முடிஞ்சுபோச்சுது. இது ஐஸ்கிறீம் கடைக்காரியின்ர போன். ஒவ்வொருமுறை கேக்கவும் வெக்கமா இருக்கெண்டு மூண்டு ஐஸ்கிறீம் வாங்கிட்டன். எப்ப அடிச்சாலும் பிஸி! அம்மாவுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

அம்மா போனைப் பறித்தார். அழுதார், சிரித்தார், திட்டினார். "நான்தான் லைனை மறிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், பிள்ளை" என்றார். கடைசியில், "அந்தப் பாலத்தில சங்கிலி என்ன விலையாம்?" என்றும் கேட்டார்.

போனை வைத்த பிறகு அம்மா தேனுஜாவை இறுக்கி அணைத்து, உச்சியில் முத்தமிட்டார். அதற்குள் மறுபடி மணி.

இம்முறை அப்பா. மூச்சு வாங்கியது. "ட்ராமால இறங்க ஒரு தமிழ் ஆள் சொல்லுறார், தக்சா கடலில நீந்துறாளாம்! உண்மையோ?"

"இல்லை அப்பா" என்றாள் தேனுஜா. "நாலாவது ஐஸ்கிறீம் சாப்பிடுறா."