கருவாட்டுப் பெட்டித் தாளம்

நான் யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். என் மைக் செட்டை யாரும் தொடவும் விட மாட்டேன்.

நன்னிலம் பக்கத்தில் கூலி உயர்வு கேட்டுச் சண்டை நடந்த வருஷம். மேளம் அடித்துக் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று எங்கள் ஊர் மேளக்காரன் காத்தானின் மேளத்தைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது.

காத்தான் மகள் அம்சத்துக்குப் பத்து வயசு. மறுநாள் பள்ளிக்கூட ஆண்டு விழா. அவளும் நாலு பிள்ளைகளும் ஆட வேண்டும். "மேளம் இல்லேன்னா ஆட்டமும் இல்லை" என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு என் மைக் செட்தான். முதல் நாளே ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, சோதித்துப் பார்க்க ஒரு இசைத்தட்டைப் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அஹமது கபீர் கொடுத்தது; அவரும் பக்கத்தில் நின்றார். தாளம் கேட்டு அம்சம் ஓடி வந்தாள்.

"இது எந்த ஊருப் பாட்டு, பாய்?" என்று அவரைக் கேட்டாள்.

"இது ரும்பாங்கிற பாட்டும்மா. கியூபான்னு ஒரு தீவு. ஆப்பிரிக்கா ஜனங்களைப் பிடிச்சிட்டு வந்து அங்க கரும்பு வெட்ட விட்டாங்க. மேளம் அடிக்கவும் தடை போட்டாங்க. அவங்க காலிக் கருவாட்டுப் பெட்டியில தட்டினாங்க. அந்தத் தாளம் அமெரிக்கா போச்சு, சிங்கப்பூருக்கும் வந்துச்சு."

"கருவாடு கப்பல் ஏறும். தாளம் ஏறுமா? கதை விடாதீங்க பாய்" என்றேன்.

"உங்க குழாயிலயே கேக்குதே" என்றார்.

அம்சம் என் செட்டு வைக்கும் மரப்பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் பெட்டி சும்மாதானே கெடக்கு?"

"தர மாட்டேன். உடைச்சிடுவீங்க."

"எங்கப்பா தட்டட்டும். நீங்க பக்கத்துலயே உக்காருங்க. உடையற மாதிரி இருந்தா நிறுத்திடுங்க."

அதில் ஒரு நியாயம் இருந்தது.

மறுநாள் காத்தான் பெட்டிமேல் உட்கார்ந்து தட்டினான். பிள்ளைகள் ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். காத்தானின் கை நின்றது.

"மேளம் கூடாதுன்னு சொன்னோம்ல?"

"மேளம் இல்லீங்க சார். பெட்டி" என்றாள் அம்சம்.

"யார் பெட்டி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எதுக்கு வம்பு? ஆனால் அந்தப் பிள்ளை கால் தூக்கியபடியே நின்றது.

"என் பெட்டிதான். தட்டச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

அம்சம் ஓடிப்போய் வாத்தியார் நாற்காலியை இழுத்து வந்தாள்.

"உக்காந்து பாருங்க சார். இன்னும் பாதி இருக்கு."

உட்கார்ந்தார். காத்தான் மறுபடி தட்டினான். முகம் உர்ரென்றுதான் இருந்தது. அதை நான் நம்பவில்லை. கீழே பார்த்தேன். பூட்ஸ் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது.