ஆளில்லாத இடம்

விடியும் முன்பே அடுப்பு அணைந்து, சுவர்க் கட்டைகளின் இடுக்கெல்லாம் பனி பூத்துக் கிடந்தும், தரைப் பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. எழுத்தர் பகோமி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கோழி அடையிலிருந்து எழுந்துபோன இடம் போன்ற சூடு. மீன் எண்ணெயும் பழைய தோலும் கலந்த புகைவாசம் இடுக்கு வழியே மெல்ல வந்தது.

போர்வைக்குள் மகள் உஸ்தீனியா இருமினாள்.

"கீழ யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்கப்பா. அங்கயும் ஒரு பாப்பா இருமுது."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வரும் வழியில் மனைவியை ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தவருக்கு மிச்சம் இந்தப் பெண் ஒருத்திதான். இந்தச் சைபீரியக் கோட்டை உருவான வரலாற்றைத் தலைவர் மனம்போல எழுதிக் கொடுத்தால், அடுத்த பனிவண்டியில் இருவரையும் டொபோல்ஸ்க் நகருக்கு அனுப்புவதாகப் பேச்சு. அங்கே கதகதப்பான வீடு உண்டு, மருந்து தெரிந்த துறவிகள் உண்டு. அவள் பிழைத்துக்கொள்வாள்.

கோட்டை கட்டிய கொசாக் வீரர்களில் இன்னும் உயிரோடிருந்த த்ரெத்யாக் அன்று பகோமியின் வீட்டுக்கே சாட்சி சொல்ல வந்தார். உண்மையே சொல்வதாகச் சிலுவையை முத்தமிட்டு உட்கார்ந்தார்.

"மை உறைஞ்சு போச்சா, எழுத்தரே? தலைவர் மனசை விட இளக்கமாத்தான் இருக்கும், ஊதிப் பாருங்க."

"சொல்லுங்க பெரியவரே. நீங்க வந்தப்ப இங்க என்ன இருந்துச்சு?"

கிழவரின் சிரிப்பு நின்றது. "பனி. நடுவுல மூணு மேடு. மேட்டு உச்சியில ஓட்டை, ஓட்டையில புகை. இந்தக் காட்டு சனங்க குளிர்காலத்துல மண்ணுக்குள்ளதான குடியிருப்பாங்க."

"உள்ள ஆளுங்க?"

"கூப்பிட்டோம். யாரும் வெளிய வரல. இருட்டுறதுக்குள்ள வேலை முடியணும்னு உத்தரவு. அந்த மேடுங்க மேலயே மரத்தை அடுக்கிக் கோட்டையக் கட்டிட்டோம். நீங்க குடியிருக்கிறதும் அதுல ஒண்ணு மேலதான்."

பகோமியின் இறகுப் பேனா நின்றது. இதை எழுதினால் தலைவர் கிழித்துப்போடுவார், வண்டி அவர்கள் இல்லாமலே போய்விடும். மகள் மறுபடி இருமினாள். வரலாறு எழுதியவர்கள் ஒவ்வொரு கோட்டைக்கும் எழுதிவந்த வரியையே அவரும் எழுதினார்: ஆண்டவர் இந்த இடத்தை நமக்காகவே வெறுமையாக வைத்திருந்தார், இங்கே மனிதர் யாரும் இருந்ததில்லை. அழுகையாக வந்தது. இருந்தும் எழுதினார்.

கிழவரை வாசலில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, தாளைத் தலைவரிடம் கொடுத்துத் திரும்பியபோது பகல் இன்னும் மிச்சமிருந்தது. வாசல் பனியில் பகோமியின் காலடிகளும் கிழவரின் காலடிகளும் மட்டுமே இருந்தன. யாரும் வெளியே வரவில்லை என்றார் த்ரெத்யாக்.

உள்ளே படுக்கை காலி.

"உஸ்தீனியா."

இருமல் கேட்டது. காலுக்குக் கீழே.

பலகையைப் பெயர்த்தார். உறைந்த மண். ஒரு விரிசல்கூட இல்லை. கோடாரி இரும்பில் பட்டதுபோல் தெறித்தது. மண்ணிலிருந்து புகை மட்டும் கசிந்தது.

"அப்பா. இங்க நிறைய பேர் இருக்காங்க. மூச்சு முட்டுது."

வெட்டினார். கை கிழிந்தது. வெட்டினார். வாசலில் ஆட்கள் கூடினார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

"பெரியவரே, ஒரு கை குடுங்க."

த்ரெத்யாக் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நாங்களும் இப்படித்தான் நின்னு கேட்டோம், தம்பி. விட்டுடுங்க. பொழுது சாயறதுக்குள்ள அடங்கிரும்."

பகோமி மண்ணில் காதை வைத்தார். பல இருமல்கள். நடுவே ஒரு சின்ன இருமல். அதை மட்டும் பிரித்துக் கேட்டபடி கிடந்தார். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்திருந்த பனிக்கட்டியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.