நான்காவது மூலை

முதல் மேட்டில் ஏறும்போது மஸாஹிர் சைக்கிள் மணியை அழுத்தினார். சத்தம் வரவில்லை.

பாதையின் நடுவில் படுத்திருந்த வெள்ளாடு எழும்பவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கட்டைவிரலுக்கடியில் மணியின் நாக்கு உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். ஆட்டைச் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக் கொஞ்சத் தூரம் போயிருப்பார். பின்னால், அவர் அப்போதுதான் ஏறிவந்த சரிவின் அடியில், மணி அடித்தது.

அவருடைய மணிதான். அதில் ஒரு விக்கல் உண்டு. இரண்டாவது அடி பாதியில் அறுந்து நின்றுவிடும். ஊரில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். கேட்டால் விலகி நிற்பார்கள்.

திரும்பிப் பார்த்தார். உடைமரங்களும் காலை வெயிலில் வெளுத்துக் கிடந்த மணலும்தான் தெரிந்தன. ஆனால் அந்த ஆடு எழும்பியிருந்தது. பாதையை விட்டு இறங்கி, முட்புதருக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, யாரோ கடந்து போவதற்காக நின்றுகொண்டிருந்தது.

மாம்புரியிலிருந்து கடலோரத்துத் தேங்காய்த் தும்பு மில்லுக்குப் போக மூன்று மணல்மேடுகளைத் தாண்ட வேண்டும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மஸாஹிர் சைக்கிளுக்கு மாறினார். கண்டவனோடு வரிசையில் நிற்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அந்த மில் ஒரு காலத்தில் அவருடைய வாப்பாவுக்குச் சொந்தமானது. இப்போது சிலாபத்து முதலாளி ஒருவருடையது. மஸாஹிர் அதில் மனேஜர். மில் போய்விட்டது, தென்னந்தோட்டத்தில் பாதி போய்விட்டது. பெயர் போகவில்லை. வாப்பா பச்சைத் தோல்வாரை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இந்தப் பாதையில் நடந்தால், அந்த வார் கிறீச்சிடும் சத்தத்துக்கே எதிரில் வருபவர்கள் முள்ளுக்குள் இறங்குவார்கள். இறங்காதவனுக்கு இரண்டே சொல்தான்: "வழிய விடு." வாப்பா அந்தக் குரலில் சொன்ன எதையும் மஸாஹிர் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்தது தங்கை நிஃப்லா ஒருத்திதான். தோட்டத்தில் தேங்காய் பறித்த நௌஃபரோடு அவள் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

நேற்று அவளுடைய ஜனாஸா இந்தப் பாதையால் வந்தது.

அவள் கடலோரத்துக் குடிசையில் மௌத்தாகியிருந்தாள். அடக்கம் செய்ய ஊர் மையவாடிக்குக் கொண்டுவர வேண்டும். யாரும் போகக்கூடாது என்று மஸாஹிர் சொல்லவில்லை. போவதை அவர் விரும்பவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தால் போதும். தெரிந்தது. நௌஃபரோடு இரண்டு மீன்பிடிகாரர்கள் மட்டும் ஜனாஸாப் பெட்டியான சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மேட்டில் ஏறிவந்தார்கள். முன்னால் இருவர், பின்னால் ஒருவர். நான்காவது மூலை பிடிக்க ஆளின்றிச் சாய்ந்து மணலில் இழுபட்டது.

வழியில் ஜனாஸாவைக் கண்டால் இறங்க வேண்டும். கொஞ்சத் தூரமாவது தோள் கொடுக்க வேண்டும். பகையாளி என்றாலும் அதுதான் முறை. மஸாஹிர் இறங்கவில்லை. ஒரு காலை மணலில் ஊன்றிக்கொண்டு மணியை அடித்தார்.

"நானா," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டான் நௌஃபர். கண்ணுக்குள் வேர்வை இறங்கியிருந்தது. "ஒரு மூலதான். ஒங்கட தங்கச்சி. மேட்ட ஏத்தி மட்டும் விடுங்க."

"வழிய விடு."

மூவரும் முள்ளுக்குள் இறங்கினார்கள். சந்தூக் சரிந்தது. உள்ளே ஏதோ ஒரு பக்கமாக உருண்டு பலகையில் மெதுவாக முட்டியது. மஸாஹிர் மிதித்துப் போனார்.

இன்று காலை மகன் ஸஜீத் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரே வந்து நின்றான். ஒரே மகன். நேற்று அவனுடைய மோட்டார்சைக்கிள் சாவியை மஸாஹிர் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார்.

"வாப்பா, சாவியத் தாங்க. மாமிட கபுறடியில ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு வாறன்."

"யாருட மாமி?"

"ஒங்கட தங்கச்சி."

"எனக்குத் தங்கச்சி இல்ல. வெள்ளிக்கிழம தில்லையடி ஆக்கள் பேச்சுவார்த்தைக்கு வாறாங்க. நல்ல குடும்பம். தேங்கா பறிக்கிறவன் ஒனக்கு மாமாண்டு தெரிஞ்சா வாசலோட திரும்பிருவாங்க. ஒன்ட கலியாணம் முடியிற வரைக்கும் இந்த வீட்டு வாசல நீ தாண்டப் போறல்ல."

"நாலு பேர் இல்லாம எடுத்துட்டுப் போனாங்களாம், வாப்பா."

"குடிச்சு முடிச்சா கோப்பைய வை."

ஸஜீத் கோப்பையை வைத்தான்.

இரண்டாம் மேட்டின் உச்சியில் காற்று விழுந்துவிட்டது. கடலின் இரைச்சலும் பனையோலையின் சரசரப்பும் ஒன்றாக அடங்கிய அந்த வெறுமைக்குள் இன்னொரு சத்தம் மெதுவாக ஊறி வந்தது: மணலில் கால்கள் ஒரே நேரத்தில் புதைவதும், ஒரே நேரத்தில் பிடுங்கப்படுவதும், அவற்றுக்கிடையில் தோல்வார் ஒன்று வயிற்றோடு இறுகித் தளர்வதும், எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று நிலத்தோடு நீளமாக உரசிக்கொண்டே வருவதும். கூடவே கற்பூர வாசம். மௌத்தானவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் போடும் கற்பூரம். மஸாஹிர் திரும்பவில்லை. அவர்கள் குடும்பத்து ஆண்கள் பின்னால் திரும்பிப் பார்த்து ஓடுகிறவர்கள் அல்லர். ஆனாலும் சரிவில் பிரேக் பிடிக்காமலே இறங்கினார்.

மில் வாசலில் தும்பு பிரிக்கும் பெண்கள் இருந்தார்கள். ஊறிய மட்டையின் அழுகல் நாற்றம் அன்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"மனேஜர் ஐயா," என்றாள் யூஜினி. வாய்க்கு அஞ்சாதவள். "பின்னால வந்த மூணு பேரும் எங்க? தேத்தண்ணி ஊத்தவா?"

"எந்த மூணு பேர்?"

"மேட்டுல கண்டனே. வெள்ளச் சாரம், இடுப்புல பட்டி. நீளமா எதையோ தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஒரு பக்கம் நெலத்துல இழுபட்டுச்சு."

"ஆம்பிளயெண்டா இவளுக்கு அடுத்த மேட்டுலயும் கண் தெரியும்," என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

யூஜினி சிரிக்கவில்லை. "நேத்து அந்தப் பிள்ளைட பெட்டிக்கு நீங்க மணி அடிச்சீங்களாமே, ஐயா. மெய்யா?"

சிரிப்பு நின்றது.

"நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேணாம்," என்றார் மஸாஹிர்.

அவள் கையைத் தட்டிவிட்டு எழும்பி, அப்போதே போய்விட்டாள். அதன் பிறகுதான் அவர் கீழே பார்த்தார். மணலில் அவருடைய சைக்கிள் சில்லுத் தடம் வளைந்து வந்திருந்தது. அதன் பக்கத்திலேயே, வளைந்த இடத்தில் வளைந்து, நின்ற இடத்தில் நின்று, விரலால் கீறியதுபோல ஒரு கோடு.

உள்ளே போய் மணியின் மூடியைக் கழற்றினார். மணல் நிறைந்து இறுகியிருந்தது. மேட்டு மணல் வெள்ளை, உலர்ந்தது. இது கறுப்பு. ஈரம். ஆறடி தோண்டினால்தான் இந்த மணல் வரும். மூடியைத் தட்டித் துடைத்து ஜன்னலில் வைத்தார். கை நாறியது. சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

பின்னேரம் புறப்படும்போது மூடி ஜன்னலில் இல்லை. யூஜினியின் வேலை, அவள் திரும்பி வந்து எடுத்திருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். சட்டைப்பையில் மகனின் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது.

பாதையில் கோடு அவருக்கு முன்னால் போயிருந்தது.

மூன்றாம் மேடு. இரண்டாம் மேடு. கோட்டின் இரு பக்கமும் காலடிகள், வெறுங்கால்கள். ஒரு காலடி வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. வாப்பாவின் வலது கால் அப்படித்தான் திரும்பியிருக்கும். அவர் பெடலை மிதித்தார். சில்லு புதைந்தது. இறங்கித் தள்ளினார். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு தூரத்தில் தொடங்கி, காற்றில் அறுந்து, மறுபடி தொடங்கியது. கோடு முதல் மேட்டையும் தாண்டி, ஊருக்குள் இறங்கி, வேறு எந்த வீட்டுப் பக்கமும் திரும்பாமல், அவருடைய கேட்டுக்குள் போனது.

வாசற்படி வரை. அங்கேயிருந்து திரும்பி வெளியே.

திரும்பிப் போன வழியில் கோடு இல்லை. காலடிகள் மட்டும்.

மனைவி அமானி விளக்கோடு வந்தாள். "எங்க ஸஜீத்?"

"எங்கயெண்டா?"

"நீங்கதானே கேட்டடியில மணி அடிச்சீங்க? வாப்பா கூப்பிடுறாரு, ஏதோ தூக்கணும் போலண்டு சொல்லிட்டுச் செருப்பும் போடாம ஓடினான். வாசல தாண்ட வேணாம்டு நீங்க சொன்னது ஞாபகம் வந்து ஒருக்கா நிண்டான். மறுபடி மணி அடிச்சுச்சு. அதான் போனான். ஏன், நீங்க இல்லையா?"

சைக்கிள் அவர் கையிலிருந்து விழுந்தது.

ஓடினார். சாரம் காலில் சிக்கியது. முள் கிழித்தது. "ஸஜீத்!" மணல் குரலைக் குடித்தது. முதல் மேடு. கற்பூரம். சரிவில் ஓடி இறங்கினார். இரண்டாம் மேட்டின் முதுகில், கடைசி வெளிச்சத்தில், ஊரை நோக்கி எதிரே அவர்கள்.

நான்கு பேர்.

சந்தூக் சாயவில்லை. நேராக, ஒரே மட்டத்தில் வந்தது. முன்னால் வாப்பா. பக்கத்தில் வாப்பாவின் அண்ணன், பெரிய வாப்பா. பின்னால் வாப்பாவின் வாப்பா, மூத்தவாப்பா. மூவரையும் மையவாடியில் இறக்கியவர்களில் மஸாஹிரும் ஒருவர். பச்சை வார்கள் கிறீச்சிட்டன. மௌத்தானவர்களுக்குச் சுற்றும் கபன் சேலை தாடையைச் சுற்றிக் கட்டியபடி. நான்காவது மூலையில் ஸஜீத். கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது; கண்ணுக்குள் மணல்.

அவர் பாதையின் நடுவில் நின்றார். கைகளை விரித்தார்.

"நான் புடிக்கிறன்," என்றார். "வாப்பா, அவன விடுங்க. நான் இருக்கன். என்ட தங்கச்சி. நான் தூக்குறன்."

நால்வரும் நின்றார்கள்.

வாப்பாவின் கை உயர்ந்தது. அந்தக் கையில் மணியின் மூடி. அடித்தது. விக்கியது.

"வழிய விடு."

அதே குரல். மஸாஹிரின் மனம் மாட்டேன் என்றது. கால்கள் அதைக் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள், பத்து வயதில் பழகியபடி, தாமாகவே விலகி முள்ளுக்குள் இறங்கின.

சந்தூக் அவருடைய முகத்தை உரசிக்கொண்டு போனது. மகனுடைய விரல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் போனது. உள்ளே யாரோ ஒரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

அவர் கால்களைப் பிடுங்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் முதல் மேட்டில் ஏறினார். மணலில் இப்போது ஒரே ஒருவனின் காலடிதான் இருந்தது. வெறுங்கால். முதலில் கணுக்கால் ஆழம். பிறகு முழங்கால் ஆழம். பிறகு தொடை.

உச்சியில் அதுவும் நின்றது.

அங்கே ஒரு ஆள் நீளத்துக்கு மணல் உள்வாங்கியிருந்தது. நான்கு பக்கமிருந்தும் அது அவசரமில்லாமல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மஸாஹிர் மண்டியிட்டார். தோண்டினார். தோண்டத் தோண்ட இறங்கியது. பையிலிருந்து சாவி விழுந்து அதனோடு வழுக்கிப் போனது.

மணலுக்கடியில், வெகு ஆழத்தில், மணி அடித்தது. அவர் கைகள் தோண்டுவதை நிறுத்தின. மண்டியிட்டபடியே, அந்தக் கைகள் அவரைப் பின்னால் தள்ளி, பாதையை விட்டு விலக்கிக்கொண்டு போயின.