ஆண்கள் கேபின்

"மாத்திரைய இப்பத்தானட்டி தந்த" என்றார் ஜான்ரோஸ்.

ராத்திரி மாத்திரை கொடுக்க அவர் கேபினுக்கு இறங்கி வந்த நேசம்மாளின் தோள்பையை விட்டு டப்பா சாயங்காலத்திலிருந்து இந்த நிமிஷம்வரை வெளியே வரவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சோறு போடவில்லை என்று சண்டைக்கு நிற்கிற மனுஷர், இன்றைக்குத் தலைகீழாகச் சொல்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லிக் குனிந்தபோதுதான் பார்த்தாள். அவர் உதட்டோரம் மாத்திரையின் வெள்ளைப் பொடி ஈரமாக ஒட்டியிருந்தது. கையிலிருந்ததை மறுபடி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

எல்லாம் பெனின் பார்த்த வேலை. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு ஆசையாக இருக்கும் என்று கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். கன்னியாகுமரியில் ஏறினால் ராத்திரி முழுக்க மேற்குக் கரையோரம் போய்விட்டு விடியும்போது திரும்பிவிடும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஆயுசைக் கழித்தவர், அதன் விளக்குகளைக் கடலிலிருந்து ஒருதடவை பார்க்கட்டுமே என்று அவளும் தலையாட்டினாள். ஏறின பிறகுதான் தெரிந்தது, மலிவு டிக்கெட்டென்றால் அறைக்கு நாலு பேர், ஆண்கள் கீழ்த்தளம், பெண்கள் மேல்தளம். பேரன் பேத்தி எடுத்த வயதில் இருவரையும் ஹாஸ்டலில் சேர்த்த மாதிரிதான் இருந்தது.

சிரித்துவிட்டுப் போகிற காரியமில்லை. ஜான்ரோஸுக்கு எல்லாம் மறந்துவிட்டது. தக்கலையில் சொந்த வீட்டுக்கு வழி தெரியாது. மகன் பெயர் வராது. எல்லாம் உதிர்ந்த பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர்தான், நேசம். அவள் முகத்தைப் பார்த்தால் போதும், அடங்கிவிடுவார். அதுவும் ஒருநாள் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய பயம். தினமும் காலையில் அவர் கண்விழித்து "ஏட்டி நேசம்" என்று கூப்பிடுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

சாயங்காலம் முதல் தடவை அவரைக் கீழ்ப் படுக்கையில் விட்டுவிட்டு மேலே போனபோது, மேல் படுக்கைக்காரர்கள் இரண்டுபேரும் டெக்கில் இருந்தார்கள். எதிர்ப் படுக்கையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் இருப்பவரிடம் எல்லாரும் சொல்வதைத்தான் அவளும் அந்தத் திரையிடம் சொன்னாள். "இவருக்குக் கொஞ்சம் மறதி. பாத்துக்கிடுங்க, என்னா?"

உள்ளேயிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "நான் பாத்துக்கிடுதேன்." ஆண் குரலா பெண் குரலா என்று பிடிபடவில்லை. நம்ம ஊர்ப் பேச்சு. அந்த ஒரு ஆறுதலோடுதான் அவள் படியேறியிருந்தாள்.

மாத்திரை டப்பாவோடு திரும்பி வந்து படுத்தவளுக்கு இப்போது உறக்கம் வரவில்லை. எதிர்ப் படுக்கையில் மார்த்தாண்டத்துச் செல்லத்தாய் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், கீழே எங்கோ எஞ்சின் உறுமுகிற உறுமல் கட்டில் இரும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது, டீசல் வாடையும் பினாயில் வாடையும் யாரோ பிரித்து வைத்த ஏத்தங்காய் சிப்ஸின் எண்ணெய் வாடையும் ஒன்றாகக் கலந்து அறையில் நின்றது, கப்பல் ஒவ்வொரு தடவை சாயும்போதும் திரைச்சீலை வளையங்கள் ஒருபக்கமாக ஓடிப்போய்க் கிணுகிணுத்து நின்றன. கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம். அதை வெட்டிக்கொண்டு ஒரு நிழல் போனது. செருப்புச் சத்தம். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை.

நேசம்மாள் தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டாள். முட்டு தேய்ந்த நாளிலிருந்து அவள் நடையும் அப்படித்தான். சத்தம் நடைவழியைக் கடந்து கீழ்த்தளப் படிகளில் இறங்கியது. அவளால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போனாள்.

கேபின் கதவைத் திறந்ததும் தைலம் மணத்தது. ஜான்ரோஸின் பாதம் இரண்டும் பளபளவென்றிருந்தன. கழுத்தில் மஃப்ளர், அவள் கட்டுகிற மாதிரியே காதை மூடி, முடிச்சு இடப்பக்கம்.

"ஆரு தேச்சு விட்டா?"

"நீதானட்டி. ஜெபமும் பண்ணியாச்சு. இன்னும் உறங்கலியா நீ?"

மேல் படுக்கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சாயங்காலம் கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் கூட வந்த ஆன்றோ. "அம்மா, இப்பத்தானே போனிய? போய்ப் படுங்க. இப்பிடிப் பாத்துக்கிட ஆளு கெடைக்கணும்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பிப் படுத்தான்.

எதிர்ப் படுக்கையின் திரை திறந்திருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் கப்பல் அலுவலக மேசைக்கு ஓடினாள். சீருடைப் பெண் ஆதிரா போனைக் கீழே வைத்தாள்.

"மக்ளே, அவர எங்கூட விட்டுரு. ரெண்டுபேரும் டெக்குலயே இருந்துக்கிடுதோம். அந்த ரூமுல ஆரோ இருக்கா."

ஆதிரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, இப்ப நீங்கதானே வந்து, அவரு உறங்கியாச்சு, ஒண்ணும் வேண்டாம்னு சொன்னிய?"

"நான் வரல்ல மக்ளே."

"வந்தியளே. மேல ஒரு அம்மைக்கு மனசு செரியில்ல, ராத்திரியெல்லாம் நடக்கா, கீழ விடாதீங்கன்னும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை மாறியது. பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தன்னைப் பார்த்து ஒரு பிள்ளை பயப்படுவதை நேசம்மாள் அதுவரை கண்டதில்லை.

திரும்பினாள். நடைவழி நீண்டு கிடந்தது. விளக்குகள் மங்கி எரிந்தன. முட்டி வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கப்பல் சாய்ந்தது. நின்றாள். மறுபடி நடந்தாள்.

கேபின் கதவு மூடியிருந்தது.

உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

நேசம்மாளின் சொந்தக் குரல். அவள் இழுக்கிற இழுப்பு. அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் அதுவும் மூச்சு வாங்கியது.

"எங்க பெனினக் காத்துக்கிடும் ஆண்டவரே. இவருக்கு நல்ல உறக்கம் தாரும்."

"பெனின் எப்பம்ட்டி வாறான்?" ஜான்ரோஸின் குரல். தெளிவாக. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மகன் பெயரோடு.

 நேசம்மாளுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வந்துருவான். கண்ண மூடுங்க." ஜெபம் தொடர்ந்தது. "வாசலுக்கு வெளிய ஆரோ ஒருத்தி நிக்கா ஆண்டவரே. பாவம், போக்கிடமில்லாம அலையுதா. அவளுக்கும் ஒரு வழி காட்டும்."

"ஆமென்" என்றார் ஜான்ரோஸ்.

அவள் கதவைத் தள்ளினாள்.

படுக்கையோரம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நேசம்மாள் உடுத்திருந்த அதே சேலை. அதே நரைக் கொண்டை. ஜான்ரோஸின் கை அவள் மடியில் இருந்தது.

"ஏங்க" என்றாள் நேசம்மாள். 

ஜான்ரோஸ் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அடங்கவில்லை. கண்கள் விரிந்தன. சுவரோடு ஒண்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவளின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"நேசம்... நேசம், ஆரட்டி அது?"

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். நேசம்மாளின் அதே முகம், அதில் கோபம் எதுவும் இல்லை. நேசம்மாளைப் பார்த்து அவள் கண் கலங்கியிருந்தது. உண்மையான இரக்கம்.

"ஆருமில்ல. நீங்க ஒறங்குங்க" என்று அவர் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து வைத்து வாசல்வரை வந்தாள். உறங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று, சத்தம் வராமல் நேசம்மாளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.